வான்தோக்

விடிய ஐந்துக்கு வரவேண்டிய கொழும்பு ரயில்
ஏழே காலுக்கு வந்தது.
எமரென்சி முதலில் இறங்கினாள்,
இறங்கும்போதே ஸ்டேஷன் மாஸ்டரைப் பிழை சொல்லிக்கொண்டு.
பின்னால் யூசேபியு சுவாமி.
கையில் தடி, காலில் அதே ரப்பர் செருப்பு,
தலையில் மட்டும் ஒன்றுமில்லை.

பத்தொன்பது வருடம்.
கட்டிப்பிடிப்பதா, கும்பிடுவதா என்று
நான் கை தடுமாறி நிற்க
"மெலிஞ்சுபோனாய்" என்றாள் எமரென்சி.
பொய்.
மடத்தை விட்டு வந்தபின் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.
அவள் கருணை எப்போதும்
பிழையான இடத்தில்தான் விழும்.
மலேரியாவில் வாந்தியெடுத்த கிழவருக்கு
வாழைப்பழம் உரித்துக் கொடுத்தவள்.

பஸ் நிலையத்தருகே ஓட்டோ நின்றது.
குறுக்கே மான்கள்,
பழத்தோலும் லொத்தர் சீட்டும் தின்றுகொண்டு.
"பப்புவா நியூகினியில ஆறு வருசம்
காட்டுக்குள்ள கிடந்தம், ஒரு மானைக் காணேல்லை.
இஞ்ச பஸ்ஸுக்கு நிக்குது" என்றார் சுவாமி.

பின்னேரம் டச்சுக்குடா.
மதிலில் மூன்று பேர், மூன்று வெறுந்தேத்தண்ணி,
ஒரு சுருள் கச்சான்.
எந்த நொடியில் தமிழ் நழுவியது தெரியாது.
அந்த மலையின் பேச்சு
துருப்பிடித்த பைப்பில் தண்ணீர்போல
முதலில் இருமி, பிறகு சிவப்பாக,
பிறகு நிற்காமல் வந்தது.
கச்சான்காரப் பொடியன்
இது எந்த நாட்டுச் சண்டை என்று பார்த்தான்.

சுவாமி அன்றுதான் ஒப்புக்கொண்டார்:
தலைமை இல்லத்துக்கு எழுதிய அறிக்கையில்
திருமுழுக்குப் பெற்றவர் நாற்பத்தொரு பேர்.
அதில் ஒன்பது பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
தகரக்கூரை எங்களுடையது மட்டும்தானே.

சிரித்து ஓய்ந்தபோது கேட்டேன்,
"உபதேசியார் கொஸ்மாஸ் எப்பிடி?"

கடல் கொஞ்சம் பேசியது.

எமரென்சி சுவாமியைப் பார்த்தாள்.
சுவாமி எமரென்சியைப் பார்த்தார்.
"நீங்கள் எழுதேல்லையா?"
"நீ எழுதினாய் எண்டெல்லோ இருந்தனான்."

பதினொரு வருடம்.
மார்ச் மாதம், காசநோய்.
நாங்கள் நட்ட மரத்தடியில்தான் புதைத்தார்களாம்.

நாங்கள் தமிழில் சண்டை பிடித்தால்
அடுப்படி வாசலில் நின்று ரசிப்பவர் அவர்.
வான்தோக், வான்தோக் என்பார்,
ஒரே பேச்சுக்காரர் என்று.
அந்தப் பேச்சு தனக்கு விளங்கவில்லையே என்று
ஒருநாளும் குறைப்பட்டதில்லை.
தன் பேச்சைத்தான் எங்களுக்குத் தந்தார்,
சொல் சொல்லாக,
சுட்ட வத்தாளங்கிழங்கைத் தோலுரித்துத் தருவதுபோல.
துக்கம் அங்கே நெஞ்சில் இல்லை, வயிற்றில்.
பெல் ஹெவி.
வயிறு கனக்குது என்பார்கள்.

என் வயிறு கனத்தது.
"அவற்ற இருமல் சுகமாக வேணும் எண்டு
ஒவ்வொரு இரவும் செபிச்சனான்,
பதினொரு வருசமும்" என்றேன்.

"அப்ப கேட்டிருக்கு" என்றாள் எமரென்சி.
"இப்ப இருமல் இல்லைத்தானே."

அடிக்கத்தான் கை ஓங்கினேன்.
அது எப்படியோ அவள் தோளில் போய் நின்றது.
சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரவு என் வீட்டில்
பெட்டியடியிலிருந்து ஒரு பிலும் எடுத்தாள்.
கொஸ்மாஸின் மனைவி தெக்லா முடிந்த பை.
எனக்கென்று வந்து, யார் கொடுப்பது என்று தெரியாமல்
மடத்து அலுமாரியில் கிடந்ததாம்.
பைக்கும் கருப்பைக்கும் அங்கே ஒரே சொல்.
முகர்ந்தேன்.
புகை மணக்குமென்று நினைத்தேன்,
பூச்சியுருண்டைதான் மணத்தது.

காலையில் மீன் சந்தைக்குக் கொண்டுபோனேன்.
இரண்டு கிலோ பாரை.
"அக்கா, இந்த வலைக்குள்ளயோ? கிழியும்" என்றான் கடைக்காரன்.
போடு என்றேன்.
பை விரிந்தது, இன்னும் விரிந்தது,
என் முழங்காலைத் தொட்டது.
பாலையூற்று வரை
ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.
பின்னால் இரண்டு பூனை.